நாலாம் நம்பர் பாத்ரூமில் எட்டு டைல்ஸ்

சுகிர்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. மருந்து மாத்திரைக்கு மசியாத வியாதி. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஆறாவது படிக்கும்போது சர்ச்சில் இருந்த சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. ரிப்பேர்காரர் வருவதற்குள் இவள் பெஞ்சு மேல் ஏறி அதைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த பல்லியை எடுத்து வெளியே போட்டுவிட்டாள். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அப்படியும் அப்பா முதுகில் நாலு வைத்தார். கடிகாரம்தான் ஓடுகிறதே, அப்புறம் ஏன் அடி என்பது அன்றைய கேள்வி. அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பிடுங்கி, அறுத்துப் பிழைத்தவர்கள். அந்த நிலங்களில் பாதி இப்போது கம்பெனி மதில்களுக்குள் இருக்கிறது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பாட்டில் மூடி அடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஸ்டீபனைக் கட்டிக்கொண்டாள். ஸ்டீபன் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கொசுவலையும் திரைச்சீலைக் கம்பியும் மாட்டுகிறவர். ஒரே மகள் ஏஞ்சல், நர்சிங் படிக்க வேலூர் போய்விட்டாள். நாற்பத்து மூன்று வயதில் சுகிர்தாவிடம் மிச்சம் இருந்தது வலது தோளில் ஒரு வலி, அந்த வியாதி, அப்புறம் ஒரு நல்ல பேர்.

நல்ல பேர் என்றால் சும்மா இல்லை. தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் மூன்று மாடி ஹாஸ்டல் ஒன்றில், இரண்டாவது மாடியின் பாத்ரூம்கள் மொத்தமும் அவள் பொறுப்பு. வரிசையாகப் பன்னிரண்டு. பூட்டிக் கிடக்கிற ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் ஆறு வருடமாக அவள்தான் கழுவுகிறாள். ஒரு நாளும் நாற்றம் என்று யாரும் மூக்கைப் பிடித்ததில்லை. ஒரு பெண்ணும் வழுக்கி விழுந்ததில்லை. ‘சுகிர்தாக்கா கழுவின எடத்துல எலை போட்டுத் துன்னலாம்’ என்று மற்ற மாடிப் பெண்கள் பொறாமையோடு சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் நாளில் தோள்வலிகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும் அவளுக்கு.

ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சுவர் டைல்ஸின் நிறம். தேன் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. குழாய்க்குக் கீழே போகப்போகக் கறுத்து, தரையோரம் காபிப் பொடி நிறத்துக்கு வந்துவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது அப்படித்தான் இருந்தது. வாங்கியதே அந்த நிறமா, அல்லது வேறு எதுவும் அடியில் இருக்கிறதா? முதலில் ஆசிட் ஊற்றிப் பார்த்தாள். சுவர் நுரைத்துப் பொங்கியது, இவளுக்குக் கண்ணும் மூச்சும் எரிந்தது. ஆசிட் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சீக்கிரமே தடை போட்டுவிட்டார்கள். அப்புறம் புளி தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள், செங்கல் பொடி தேய்த்தாள். யாரோ மிச்சம் வைத்த கூல்டிரிங்க்ஸைக்கூட ஊற்றி ஊறவைத்தாள். எறும்பு வந்ததுதான் மிச்சம். கை வீங்கத் தேய்த்தும் அந்தப் பழுப்பு அசையவில்லை. கடைசியில், நம் கைக்கு வலு போதவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டாள். அந்த முடிவு அவளுக்கு ரொம்பக் கசந்தது.

இந்த நிலையில்தான் சத்யா ஒரு வீடியோவைக் காட்டினாள். சத்யா பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குப்பத்துப் பெண், பதினாறாம் நம்பர் அறையில் இருக்கிறாள், இரண்டாம் ஷிப்டு. வீடியோவில் யாரோ ஒருவர், ஓட்டை போடுகிற ட்ரில்லின் மூக்கில் ஊசிக்குப் பதில் ஒரு மஞ்சள் பிரஷ்ஷைச் செருகி, பாத்ரூம் சுவரில் வைத்து அழுத்தினார். பிரஷ் கிர்ரென்று சுற்றியது. சுவர் பளிச்சென்று ஆனது.

“இன்னொரு தபா போடு” என்றாள் சுகிர்தா.

ஏழு தடவை போடச் சொன்னாள். ட்ரில்லின் பட்டன் எங்கே இருக்கிறது, பிரஷ் எந்தப் பக்கம் சுற்றுகிறது, தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றைப் பார்த்தாள்.

“அக்கா, எங்க அம்மா சீரியல்கூட இப்டிப் பாக்காது” என்று சத்யா சிரித்தாள். சிரித்தவள் பத்து நாள் கழித்து ஒரு பார்சலோடு வந்து நின்றாள். உள்ளே மூன்று மஞ்சள் பிரஷ்கள். ஒன்று தோசை போலத் தட்டை, ஒன்று பந்து போல உருண்டை, ஒன்று மூலைமுடுக்குக்குப் போகிற கூம்பு. “ஒங்களுக்குத்தான்க்கா. ட்ரில்லு நீங்க பாத்துக்கோங்க” என்றாள்.

ட்ரில் வீட்டில் இருந்தது. ஆனால் அது ஸ்டீபனின் சோறு. பேட்டரியில் ஓடுகிற பச்சை நிற ட்ரில். வேலை முடிந்து வந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, பீரோ மேல் வைத்துவிடுவார். அதை வேறு யாரும் தொட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் அதை எடுப்பதில்லை. காலை ஆராதனை, மத்தியானம் கறிக்குழம்பு, அப்புறம் தூக்கம். ஆகவே சுகிர்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குறட்டைச் சத்தம் சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ட்ரில்லைச் சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறினாள். திருட்டுத்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை, நெஞ்சு படபடத்ததெல்லாம் ஆசையில்தான்.

நாலாம் நம்பர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தட்டை பிரஷ்ஷைச் செருகி ட்ரில்லின் கழுத்தை இறுக்கினாள். துலக்கும் பவுடரைக் கண்மட்டத்தில் சுவரில் அப்பி, பிரஷ்ஷை வைத்துப் பட்டனை முழுசாக அழுத்தினாள். அவ்வளவுதான். ட்ரில் கையை முறுக்கிக்கொண்டு துள்ளியது. பவுடர் நுரை மூஞ்சி, முடி, மேல்கூரை என்று ஒரு இடம் விடாமல் தெறித்தது. பயந்துபோய்க் கையை எடுத்தாள். அப்புறம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, இந்தத் தடவை பட்டனைப் பாதி மட்டும் அழுத்தினாள். அழுத்தும் அளவுக்குத் தக்க வேகம் என்று பிடிபட்டது. இரண்டு கையாலும் பிடித்தால் முறுக்காது என்பதும் பிடிபட்டது. பிரஷ் சுற்றியது, தோள் சும்மா இருந்தது. வேலை நடக்கும்போது தோள் சும்மா இருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு டைல்ஸ் முடிந்ததும் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

வெள்ளை. சும்மா வெள்ளை இல்லை, ஓரத்தில் மெல்லிய நீலக் கொடி ஓடுகிற வெள்ளை. ஆறு வருடமாகத் தினமும் முகம் பார்த்த சுவரில் ஒரு பூங்கொடி இருந்திருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. அடுத்த டைல்ஸில் அந்தக் கொடி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று போய் எட்டாவது டைல்ஸ் முடியும்போது ட்ரில் முனகி நின்றது. பேட்டரி காலி. சார்ஜர் வீட்டில்.

அப்போதுதான் இரண்டடி பின்னால் வந்து முழுச் சுவரையும் பார்த்தாள். பழுப்புச் சுவரின் நட்ட நடுவில், கண்மட்டத்தில், எட்டு டைல்ஸ் மட்டும் பளபளவென்று. கொஞ்ச நேரம் முன்புவரை அந்தப் பழுப்பு சுவரின் நிறம். இப்போது அது அழுக்கு. பக்கத்தில் வெள்ளை வந்து உட்கார்ந்துகொண்டு, மிச்சச் சுவர் மொத்தத்தையும் அழுக்கு என்று கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? இந்தச் சுவரை இத்தனை நாள் கழுவினது யார் என்று கேட்பார்கள்.

சுகிர்தா அப்புறம் செய்தது இருக்கிறதே, அது உலகத்தில் எந்தத் துப்புரவுக்காரியும் செய்யாத காரியம். கழுவின சுவரைத் திரும்ப அழுக்காக்கப் பார்த்தாள். சமையல்கட்டுக்கு ஓடி, கொதித்து முடிந்த டீத்தூளை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து அந்த எட்டு டைல்ஸிலும் பூசினாள். வழவழப்பான டைல்ஸில் டீத்தூள் நிற்குமா? வழுக்கிக்கொண்டு தரைக்கு இறங்கியது. முகத்தில் பவுடர், கையில் டீத்தூள், எதிரே முன்னைவிடப் பளபளப்பாக எட்டு டைல்ஸ். “கர்த்தாவே, இத்த எப்டி மறைப்பேன்” என்று பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வார்டன் மணியம்மாள் பார்த்துவிட்டார். மணியம்மாள் கெட்டவர் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“இது இன்னா சுகிர்தா?”

“பிரஷ்ஷு போட்டுத் தேச்சுப் பாத்தேன் மேடம்.”

“தேச்சா வருதில்ல? வெள்ளையா வருதில்ல?” சாவிக்கொத்தை இடுப்பில் தட்டிக்கொண்டார். “அப்ப இந்த ஆறு வருசம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

சுற்றிலும் பல் விளக்கிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குவதை நிறுத்தினார்கள். சுகிர்தாவுக்குக் காது இரண்டும் சூடாகின. பதில் இருந்தது. புளி, சாம்பல், செங்கல் பொடி, வீங்கின கை என்று எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த எட்டு வெள்ளை டைல்ஸுக்கு முன்னால் எது நிற்கும்? பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்ரூமுக்குள் போனாள்.

மணியம்மாள் போன் போட, பத்து மணிக்கு ஜெரால்ட் வந்தான். ஜெரால்ட் துப்புரவுக் காண்டிராக்ட்டின் சூப்பர்வைசர். சுகிர்தாவின் காலனிப் பையன்தான். அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கைக்குழந்தையாகத் தூக்கி வைத்திருந்தவள் இவள். காலனிக்குள் “டேய் ஜெரால்டு”, ஹாஸ்டல் வாசலைத் தாண்டினால் “சார்” என்று இருவரும் பேசாமலே ஓர் ஒப்பந்தம்.

“யக்கா, வியாழக்கெழம கம்பெனிலருந்து பார்க்க வராங்க. ரெண்டு பக்கமும் பழுப்பு, நடுவுல வெள்ள. கழுவுறதே இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்கன்னா ஒன்ன மாத்தச் சொல்வாங்க. என்னால இன்னா பண்ண முடியும், சொல்லு” என்றான் தாழ்ந்த குரலில்.

“மிச்சத்தையும் தேச்சுடறேன் சார்.”

“கரன்ட் சாமான் பாத்ரூமுக்குள்ள வரவே கூடாது” என்று அங்கிருந்தே சத்தம் போட்டார் மணியம்மாள். பேட்டரிதான் மேடம் என்று விளக்கிச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

வேலை போனால் போகட்டும், இந்தப் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்? எங்காவது ஒரு துடைப்பம் கிடைக்கும். ஆனால் வேலை செய்யாமல் சம்பளம் வாங்கினவள் என்ற பேரோடு போவதா? அதை நினைத்ததும் பஸ்ஸில் வரும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து காத்திருந்தது. அவள் முந்தின நாளே துடைத்துப் பீரோ மேல் திருப்பி வைத்த ட்ரில்லை, ஸ்டீபன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது.

“இன்னாமே இது? கழுத்துல, சக்கு பூரா மண்ணு கீது. நீ எங்கனா எத்துகினு போனியா?”

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கத்தினார், தண்ணீர் உள்ளே போயிருந்தால் மோட்டார் புகைந்திருக்கும் என்று. அப்புறம் டீத்தூள் கதை வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. “கழுவுன சொவுத்துக்கு டீத்தண்ணி வச்சியா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சுகிர்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் அவள் கண் வேறொன்றில் போய் நின்றது. ஸ்டீபன் ட்ரில்லின் கழுத்தைத் தட்டித் தட்டி எடுத்த பழுப்புப் பொடி, தரையில் விரித்த பேப்பரில் சின்னக் குவியலாகக் கிடந்தது.

எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். நறநறத்தது.

ஆறு வருடமாகப் பாத்ரூம் அழுக்கோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். அழுக்கு என்றால் வழவழவென்று இருக்கும். சோப்பும் எண்ணெயும் மனுச உடம்பும் சேர்ந்தது அது. விரலில் ஒட்டும், முகர்ந்தால் வாடை அடிக்கும். இந்தப் பொடியில் வாடையே இல்லை. மணல் மாதிரி நறநறவென்று இருக்கிறது. அழுக்கு எப்படி மணலாகும்? ஆசிட் ஊற்றினபோது சுவர் பொங்கினது ஞாபகம் வந்தது. எழுந்துபோய் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, பொடியின்மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தாள். பொசபொசவென்று நுரை கிளம்பியது. குளியலறை ஜலதாரையிலிருந்து கொஞ்சம் நிஜ அழுக்கை வழித்து வந்து அதன்மேலும் பிழிந்தாள். அது சும்மா கிடந்தது.

“ஏஞ்சலப்பா, இங்க வந்து பாரு. இது பொங்குது, அது பொங்கல.”

“சோறு ஆக்கினியா இல்லியா?” என்றார் ஸ்டீபன். ஆனாலும் வந்து குனிந்து பார்த்தார். இன்னொரு சொட்டு விடச் சொன்னார்.

அன்று அவர்கள் சாப்பிட எட்டரை மணி ஆகிவிட்டது. சுகிர்தா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். இது ஆள் உடம்பிலிருந்து வந்த அழுக்கு இல்லை என்றால், தண்ணீரிலிருந்து வந்திருக்க வேண்டும். போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும், துணி துவைத்தால் மஞ்சளடிக்கும். ஆனால் இதை யார் நம்புவார்கள்? எலுமிச்சம்பழத்தோடு போய் நின்றால் ஜெரால்ட் சிரிப்பான். ஆள் குளிக்காத, தான் கழுவாத ஒரு பாத்ரூம் இருந்து, அதிலும் இதே பழுப்பு இருந்தால்தான் வாயடைக்க முடியும். அப்படி ஒரு பாத்ரூமுக்கு எங்கே போவது?

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. ஒன்பதாம் நம்பர்!

ஒன்பதாம் நம்பர் பாத்ரூமை, ஹாஸ்டல் திறந்த மாதமே, அவள் வேலைக்குச் சேரும் முன்பே பூட்டிவிட்டார்கள். சுவருக்குள் ஓடும் பைப்பில் கசிவு. சுவரை உடைக்க வேண்டும் என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போனார். உடைக்க ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து அதற்குள் ஆளும் போகவில்லை, இவள் துடைப்பமும் போகவில்லை.

புதன்கிழமை காலை, மணியம்மாளிடம் போய்ச் சாவி கேட்டாள். எதற்கு என்று கேட்டவரிடம், “நீங்களும் வந்து பாருங்க மேடம். தப்பா இருந்தா நானே வேலய உட்டு நின்னுக்கறேன்” என்றாள். அந்தப் பேச்சு கேட்டு மணியம்மாளுக்கே கொஞ்சம் திக்கென்றது. ஜெரால்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் சத்யாவும், யாரும் கூப்பிடாமலே, தலையில் கட்டிய துண்டோடு வந்து நின்றாள்.

துருப்பிடித்த பூட்டு எண்ணெய் விட்டதும் திறந்தது. உள்ளே ஒட்டடை, பல்லி முட்டை, தூசி. தன் கணக்குத் தப்பாகிவிட்டால்? ஈரத்துணியை எடுத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தாள். தூசி வந்தது, அடியில் கொஞ்சம் மங்கலாக வெள்ளை. ஓரத்தில் நீலக் கொடி. தேய்க்கவே இல்லை, சும்மா துடைத்ததற்கே வந்தது.

ஆனால் குழாய்க்குக் கீழே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கின பாதையில், ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை ஒன்று தரைவரை இறங்கியிருந்தது. அதே தேன் நிறம். கீழே போகப்போக அதே காபிப்பொடி நிறம். ஈரத்துணிக்கு அது அசையவில்லை.

“இந்தப் பட்டைய யாரு போட்டாங்க மேடம்?” என்று கேட்டாள் சுகிர்தா. “ஒருத்தரும் குளிக்கல, ஒருத்தரும் சோப்பு போடல. தண்ணி மட்டுந்தான் வந்துது. அது போன எடம் பழுப்பு, போவாத எடம் வெள்ள. அழுக்கு இல்ல மேடம் இது, தண்ணி வச்சிட்டுப் போனது. இத்தத்தான் நான் ஆறு வருசமா வெறும் கையால தேச்சிக்கினு இருந்தேன்.”

ஜெரால்ட் தலையைச் சொறிந்தான். மணியம்மாள் குனிந்து அந்தப் பட்டையை நகத்தால் சுரண்டினார். பிறகு திடீரென்று, “என் ரூமு ஹீட்டர் ராடு மேலயும் இதேதான் கீது” என்றார். நாலு மாதத்துக்கு ஒரு தண்ணீர் சுட வைக்கிற ராடு வாங்கி, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று அவனோடு சண்டை போட்டு வந்தவர் அவர்.

“எங்க ஊர்ல ஏரித் தண்ணியே உப்பு மேடம். அங்ககூட எனக்கு முடி இப்டிக் கொட்டல” என்றாள் சத்யா. துண்டை அவிழ்த்துக் காட்டினாள். வகிடு விரலகலத்துக்குத் தெரிந்தது.

ஜெரால்ட்தான் முதலில் தெளிந்தான். “ஓனர் காதுக்குப் போனா பேஜாராயிடும். தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் ஆளுங்கள வேற ஹாஸ்டலுக்கு மாத்திடுவான். நாளைக்கு இந்த ரூம் பூட்டியே இருக்கட்டும்.”

மணியம்மாள் கதவைப் பூட்டிச் சாவியைக் கொத்தில் கோத்துக்கொண்டார். சுகிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. கதவு பூட்டியிருந்தால் பழி தன் தலையில்தான் பூட்டியிருக்கும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும், கையில் டேப்லெட். அறைகளைப் பார்த்து, படுக்கையைப் பார்த்து, நாலாம் நம்பருக்கு வந்ததும் நின்றார்.

“யார் இங்கே க்ளீனிங்?”

ஜெரால்ட் தரையைப் பார்த்தான்.

“நான்தான் மேடம்” என்றாள் சுகிர்தா.

“இந்த எட்டு மட்டும் வெள்ளையா இருக்கு. மத்ததெல்லாம் ஏன் செய்யலை?”

“செய்யாம இல்ல மேடம். தெனம் செய்யறேன்.” ஜெரால்டைப் பார்க்காமல் மேலே பேசினாள். “ஒம்பதாம் நம்பர் ஒண்ணு பூட்டிக் கீது. ஹாஸ்டல் தொறந்த மாசத்துலருந்து அதுல ஆளும் குளிக்கல, நானும் ஒரு நாளும் உள்ள கழுவப் போவல. அத்தத் தெறந்து பாத்துட்டு, அப்புறம் என்னப் பத்தி இன்னா எழுதணுமோ எழுதிக்கோங்க.”

எல்லோரும் மணியம்மாளைப் பார்த்தார்கள். ஜெரால்ட் கண்ணால் வேண்டாம் என்றான். மணியம்மாள் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு சாவியாகத் தள்ளினார். அவருக்கு அந்தச் சாவி எது என்று இருட்டில்கூடத் தெரியும், இருந்தும் ரொம்ப நேரம் தேடினார். கடைசியில் சாவியைப் பிரித்தெடுத்து, தானே முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்தார்.

அந்த அம்மா உள்ளே போய் வெகுநேரம் நின்றார். சுகிர்தாவிடம் துணியை வாங்கித் தானே சுவரில் இழுத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழக் கதையைக் கேட்டுவிட்டு, பழம் இருக்கிறதா என்றார். இருந்தது, கூடையிலேயே இருந்தது. நுரை பொங்கியதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். போகும்போது ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போனார்.

சுகிர்தாவை யாரும் மாற்றவில்லை. பெண்களையும் வேறு ஹாஸ்டலுக்கு அனுப்பவில்லை. தண்ணீரைச் சரி செய்யாவிட்டால் அனுப்பிவிடுவோம் என்று கம்பெனி எழுதிய ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. மூன்று மாதத்தில் மொட்டைமாடியில், போர் தண்ணீரின் கரிப்பை எடுக்கிற நீலத் தொட்டி ஒன்று ஏறியது. ஒன்பதாம் நம்பர் சுவரை உடைத்துப் பைப்பையும் மாற்றினார்கள். அதெல்லாம் போகட்டும், ஜெரால்ட் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து, “யக்கா, ஹாஸ்டலுக்கு ட்ரில்லு. ரெண்டு பேட்டரி கீது” என்று நீட்டினானே, அதைத்தான் சுகிர்தா காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஸ்டீபன் அந்த ட்ரில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னுடையதைவிட உசத்தி என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்துக்கு ஒரு பாத்ரூம் என்று தேய்த்தாள். சுவருக்குத் தட்டை, குழாயடிக்குப் பந்து, மூலைக்குக் கூம்பு. குழாயின் பளபளப்பு மேல் பிரஷ் பட்டால் கீறல் விழும் என்பதையும், பவுடரைவிட வினிகரில் அரைமணி ஊறவைத்தால் சீக்கிரம் விடும் என்பதையும் தானே கண்டுபிடித்தாள். மற்ற மாடிகளில் கழுவுகிற பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள், பட்டனைப் பாதிதான் அழுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. பன்னிரண்டு வாரத்தில் அந்த மாடி பூராவும் நீலக் கொடி ஓடியது.

கடைசியாக நாலாம் நம்பரைத்தான் வைத்திருந்தாள். அது முடிந்த அன்று மணியம்மாள் வந்து உள்ளே சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். கண்மட்டத்தில், பளபளக்கும் சுவருக்கு நட்ட நடுவில், ஒரே ஒரு டைல்ஸ் மட்டும் பழுப்பாக இருந்தது. அந்த எட்டுக்குப் பக்கத்து டைல்ஸ்.

“இத்த உட்டுட்டியே சுகிர்தா.”

“உடல மேடம். வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

சுகிர்தா பிரஷ்ஷில் ஒட்டியிருந்த நுரையை உதறினாள். “எனக்கு அப்புறம் இந்த மாடிக்கு ஒருத்தி வருவா. தண்ணி திரும்பக் கெட்டுச்சுன்னா சொவுரு திரும்பப் பழுக்கும். அப்ப யாருனா அவள நடுவுல நிக்க வச்சி, இத்தினி வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு கேப்பாங்க. அவளுக்கு என்ன மாதிரியே வாய் வராது. அதான், இது கழுவாத அழுக்கு இல்ல, தண்ணி வச்சிட்டுப் போனதுன்னு இந்த ஒண்ணு பதில் சொல்லட்டும்னு வச்சேன்.”

மணியம்மாளின் முகம் கொஞ்சம் வெளுத்தது. கேட்டது யார் என்பது இருவருக்குமே தெரியும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பழுப்பு டைல்ஸைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார். அது போகாது என்று தெரிந்தேதான் துடைத்தார்.